அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடை மட்டும் போதுமா? எங்கள் தெரு நாற்காலிப் பயிற்சியின் ஒரு வருட அனுபவம்

டிரில் வாத்தியார், மன்னார்குடி:

எல்லோருக்கும் வணக்கம். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இன்றும் டிரில் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வருடமாக எங்கள் தெரு சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தி வருகிறோம். அதைப் பற்றிச் சொல்லவும், தெரிந்தவர்களிடம் சிலவற்றைக் கேட்கவும் இந்த இழை.

ஹரித்ராநதிக் குளக்கரையில் காலையில் நடப்பவர்களை எங்கள் ஊர்க்காரர்கள் அறிவார்கள். அதில் என் நண்பர் ஒருவர், 71 வயது, மழை நாள் தவிர ஒரு நாளும் தவறாதவர். போன வருடம் ராத்திரி பாத்ரூம் போனவர் ஈரத் தரையில் கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம், “இவ்வளவு நடந்தவருக்கு ஏன் இப்படி?” என்று கேட்டேன். விழுவதற்கு முன்பு அவர் எப்படி இருந்தார் என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டது. யோசித்துப் பார்த்தால், ஒரு வருடமாகவே அவர் சோபாவிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்ததில்லை. “சார், அவர் கால் நடக்கும், ஆனால் அவரைத் தூக்காது” என்றது அந்தப் பெண். எத்தனையோ பிள்ளைகளை ஓட வைத்த எனக்கு இது தோன்றாமல் போய்விட்டதே என்று அன்று தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்று இருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அதே வழிகாட்டுதலில், வாரம் இரண்டு நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி, வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி என்றும் இருக்கிறது. இந்த இரண்டும் நம் ஊரில் யார் காதிலும் விழவில்லை.

முதலில் காலை 6 மணிக்கு வைத்தோம். பதினான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒரு மாதம் கழித்து என் மனைவி சொன்னாள்: “ஆறு மணிக்கு வாசல் தெளிக்கணும், பால் வாங்கணும், பேரனுக்குச் சாப்பாடு கட்டணும். எந்தப் பாட்டி வருவாள்?” மாலை 4 மணிக்கு மாற்றினோம். இப்போது முப்பது பேர் வருகிறார்கள், இருபதுக்கு மேல் பெண்கள்.

செய்வது ரொம்பச் சாதாரணம். கை வைக்காத நாற்காலியைச் சுவரை ஒட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் டைல்ஸில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் நழுவும். நுனியில் உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு முன்னால் போகும்படி குனிந்து எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது, மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும். முதல் நாள் ஒரு பாட்டியால் ஒரு தடவைகூட எழ முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினோம். மூன்று வாரத்தில் ஒரு தலையணையை எடுத்தோம். பொங்கலுக்கு முன்பு இரண்டாவதையும் அவரே எடுத்துத் தூரப் போட்டார். அவருக்கு ஒன்று, இரண்டு எண்ணப் பிடிக்காது. நெல் அளக்கும்போது எண்ணுவது போல “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணுவார். இப்போது கூடம் முழுக்க அப்படித்தான் எண்ணுகிறது.

கேள்விகள்: எதை எவ்வளவு செய்யலாம்? யாரைச் சேர்க்கக் கூடாது? வேறு ஊர்களில் எப்படி நடத்துகிறார்கள்?

தினமும் ஐந்து கிலோமீட்டர்:

வாத்தியார் ஐயா, உங்கள் முயற்சிக்கு வணக்கம். ஆனால் நடையைக் குறைத்துச் சொல்வது மனதுக்கு ஒப்பவில்லை. எனக்கு 64 வயது, சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடம். நடையால்தான் மாத்திரை கூடாமல் இருக்கிறது. அரசாங்கமே 2023ல் “நடப்போம் நலம் பெறுவோம்” என்று எல்லா மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்திருக்கிறது. மக்கள் இப்போதுதான் வெளியே வந்து நடக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நடை போதாது என்று சொன்னால், “சரி, அப்போ எதுக்கு நடக்கணும்” என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அந்தப் பயம் எனக்கு.

பிசியோ, திருச்சி:

இருவர் சொல்வதும் சரிதான். இரண்டும் வேறு வேறு வேலைக்கு.

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம், தூக்கம், மனது எல்லாவற்றுக்கும் நடை நல்லது. ஐயா தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள். கீழே விழாமல் இருப்பது தனி விஷயம். 2019ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 23,000க்கும் மேற்பட்ட முதியவர்கள். உடற்பயிற்சி செய்தவர்கள் விழுவது கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்திருந்தது. அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது சமநிலைப் பயிற்சியிலும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியிலும்தான். வெறும் நடை விழுவதைக் குறைக்கிறதா என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை.

காரணத்தைச் சொல்கிறேன். சமதரையில் நடக்கும்போது தொடைத் தசை தன் முழு பலத்தைக் காட்ட வேண்டியதே இல்லை. நாற்காலியிலிருந்து எழுவது, படி ஏறுவது, தடுக்கினால் சட்டென்று அடுத்த காலை ஊன்றி நிற்பது, இதற்கெல்லாம்தான் பலம் வேண்டும். வயதாக ஆக அந்தப் பலம்தான் முதலில் போகிறது. நல்ல செய்தி, அது திரும்பவும் வரும். 1990ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 90 வயதானவர்களுக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். பத்துப் பேர் கொண்ட சின்னக் குழுதான். முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! என்னிடம் வருபவர்கள் “இனிமே என்ன டாக்டரம்மா” என்று சொல்லும்போதெல்லாம் இதைத்தான் சொல்வேன்.

வாத்தியார் சாருக்கு ஒரு அளவுகோல். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயதில் ஆண்கள் 12க்குக் கீழே, பெண்கள் 10க்குக் கீழே இருந்தால் கால் பலம் குறைவு, விழும் வாய்ப்பு அதிகம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். இந்த எண்கள் அமெரிக்காவில் வகுத்தவை, நம் ஊர் உடல்வாகுக்கு அப்படியே பொருந்தும் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனால் ஒரே ஆளை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அளந்து, அவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

அப்புறம் சமநிலை. முதலில் இரண்டு பாதமும் ஒட்டி நிற்பது. அடுத்து ஒரு பாதம் அரையளவு முன்னால். கடைசியாக ஒரு குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில். ஒவ்வொன்றும் 10 வினாடி. பக்கத்தில் ஒரு ஆள், கைக்கு எட்டும் தூரத்தில் சுவர், இரண்டும் கட்டாயம்.

நெல்வயல்:

தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் அப்பத்தா எழுபது வயது வரை நடவு நட்டவர். களை எடுத்தார், கதிர்க் கட்டைத் தலையில் சுமந்தார். எந்தப் பயிற்சியும் செய்யவில்லை. இந்த மாதிரி நாற்காலிப் பயிற்சியெல்லாம் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் என்று நினைக்கிறேன். வாழ்நாள் முழுக்க உழைத்த சனங்களைக் கூப்பிட்டு “எழுந்து உட்காருங்கள்” என்றால் அவர்களுக்கே ஒரு மாதிரி இருக்காதா?

தன்னார்வலர் அக்கா, திருவாரூர் பக்கம்:

நெல்வயல் தம்பி, இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் நடவு நட்ட வீட்டுப் பெண். இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி எல்லா மாவட்டத்துக்கும் வந்த திட்டம். பி.பி. கருவியையும் சர்க்கரை பார்க்கும் கருவியையும் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறோம், மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கிறோம். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நர்சு அம்மா வருவார்கள், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோ வருவார்.

நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வயல் வேலை செய்த பெண்களில் பாதிப் பேருக்கு அறுபதில் முட்டி வலி. வலி வந்ததும் வேலையை விடுகிறார்கள். வேலையை விட்டதும் உடம்பு ஒரேயடியாக உட்கார்ந்துவிடுகிறது. நாற்பது வருடம் சம்பாதித்த பலம் இரண்டு மூன்று வருடத்தில் கரைந்து போகிறது. உழைத்த உடம்புதானே, தாங்கும் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஒருவர் படுக்கையில் விழுவது ஒரே நாளில் நடப்பதில்லை தம்பி. முதலில் கோயிலுக்குப் போவது நிற்கும். “கூட்டமா இருக்கு” என்பார்கள். அப்புறம் ரேஷன் கடைக்குப் பேத்தியை அனுப்புவார்கள். அப்புறம் திண்ணையில் உட்காருவது நிற்கும், ஏனென்றால் திண்ணைக்கு ஒரு படி ஏற வேண்டும். அப்புறம் கொல்லைப்புறம் போகப் பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள். இந்த இடத்தில்தான் நான் பதறிப் போவேன், தண்ணீர் குடிக்காமல் நீர்க்கடுப்பும் தலைசுற்றலும் வந்து விழுவது இதற்குப் பிறகுதான். நான் பி.பி. பார்த்து எழுதும் நோட்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை. ஆனால் அடுத்த வருடம் யார் கட்டிலோடு கிடப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே வாத்தியார் ஐயா செய்வது எங்கள் ஊருக்குத்தான் அதிகம் தேவை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மாதாமாதம் அரசு தரும் முதியோர் பணத்தை வாங்குபவர்களிடம் ஷூ வாங்கு, டிராக் பேன்ட் வாங்கு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சேலையோடு செய்யும்படி இருக்க வேண்டும். கொசுவத்தை முன்னால் கொஞ்சம் தூக்கிச் சொருகிக்கொண்டால் கால் தடுக்காது.

நெல்வயல்:

அக்கா, நீங்கள் சொன்ன வரிசை அப்படியே எங்கள் அப்பத்தாவுக்கு நடந்தது. கோயில், ரேஷன் கடை, திண்ணை. நாங்கள் வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். முன்பே தெரிந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

கொரடாச்சேரி மகள்:

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பா கொரடாச்சேரியில் தனியாக இருக்கிறார், வயது 73. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. போனில் கேட்டால் “நல்லா இருக்கேன்” என்பார். பிசியோ மேடம் எழுதியதைப் படித்துவிட்டு, போன வாரம் போனபோது அந்த 30 வினாடி சோதனையை வைத்தேன். ஐந்துதான் வந்தது. ஆறாவதில் கையை ஊன்றிவிட்டு, நான் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தார். எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சம்மணம் போடாதே, குந்தாதே என்றும் சொன்னார்களாம். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இவர் இந்தப் பயிற்சி செய்யலாமா? தனியாக இருக்கும்போது செய்யலாமா?

டிரில் வாத்தியார், மன்னார்குடி:

மகளே, மருத்துவ விஷயத்தைப் பிசியோ மேடம் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை பற்றி எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும், அது என் தவறு.

ஆரம்பித்த இரண்டாவது மாதம். ஒருவர் மதியம் வீட்டில் ஏதோ மனத்தாங்கலில் சாப்பிடாமல் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பாதிப் பயிற்சியில் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். வெயில் என்று நினைத்து விசிறிக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிடம் வீணாகப் போனது. கூட இருந்த ஒரு அம்மாதான் “சுகர் இறங்கிடுச்சு” என்று கத்தி, பிரசாதத்துக்கு வாங்கி வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்தார். அன்று அந்த அம்மா இல்லாவிட்டால் என்னவாகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அன்றிலிருந்து வாசலிலேயே இரண்டு கேள்வி. சாப்பிட்டீர்களா? மாத்திரை போட்டீர்களா? சாப்பிடாதவர்களுக்கு முதலில் ஒரு வாழைப்பழம், அன்றைக்கு உட்கார்ந்து பார்ப்பது மட்டும். அலமாரியில் சர்க்கரை டப்பா, சுவரில் பெரிய எழுத்தில் 108. நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மூச்சு முட்டல் இருந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸ். வாயுப்பிடிப்பாக இருக்கும் என்று யாரும் வைத்தியம் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பிசியோ, திருச்சி:

வாத்தியார் சார் செய்திருக்கும் ஏற்பாடு சரியானது. மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் முறை. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

கொரடாச்சேரி தங்கைக்கு: முட்டித் தேய்மானம் இருப்பவர்களுக்குப் பயிற்சி கூடாது என்பது பழைய எண்ணம். தொடைத் தசை வலுவானால் முட்டியின் மீது விழும் பாரம் குறையும், வலியும் குறையும். இன்று முட்டித் தேய்மானத்துக்கு முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவதே பயிற்சிதான். டாக்டர் வேண்டாம் என்றது தரையில் குந்துவதை. உயரமான நாற்காலியிலிருந்து எழுவது அது இல்லை. முதலில் உயரத்தைக் கூட்டுங்கள், கையை ஊன்றட்டும், ஒரு தடவைக்கு ஐந்து, நடுவில் ஓய்வு, இன்னொரு ஐந்து. வாரம் மூன்று நாள். செய்யும்போது லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலை வரை வலி நின்றாலோ முட்டி வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும், பி.பி. எகிறாது. பி.பி. மாத்திரை சாப்பிடுபவர் படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சமநிலைப் பயிற்சியை மட்டும் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம். பாதத்தில் மரமரப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தரை எங்கே என்று பாதம் சொல்லாமல் போனால் சமநிலை அதனாலேயே கெடும்.

சாப்பாட்டையும் பார்த்துவிடுங்கள். தனியாக இருக்கும் ஆண்கள் ரசம் சாதம், ஊறுகாய் என்று முடித்துக்கொள்கிறார்கள். பயிற்சியோடு புரதமும் போனால்தான் தசை சேரும். முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் வேண்டும் என்று நிபுணர்கள் சொல்கிறார்கள், 60 கிலோ எடை என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான். ஆகவே முட்டை, சுண்டல், பருப்பு, தயிர், மீன் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு.

நல்லூரான், யாழ்ப்பாணம்:

வாசிக்க மிகவும் சந்தோசமாக இருக்கிறது. எங்கட பக்கத்தில் ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் இருக்கிறது. காலையில் முதியவர்கள் வந்து பேப்பர் பார்ப்பார்கள். கிராம சேவகர் பிரிவுகளில் முதியோர் சங்கங்களும் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு முதியோருக்கென்று ஒரு தேசிய சபையே அமைந்தது. கூட்டம் வைப்பார்கள், கோயில்களுக்குச் சுற்றுலா போவார்கள். உடற்பயிற்சி என்றால் முகாம் நடக்கிற அன்று ஒரு நாள் செய்வார்கள், அதோடு சரி.

எங்களுக்கு இன்னொரு கவலை. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும். பெரிய வீட்டில் அம்மம்மாவும் அப்பப்பாவும் மட்டும். விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை. பிள்ளைகள் காசு அனுப்புவார்கள், சக்கர நாற்காலிகூட அனுப்புவார்கள். அதற்கு முன்னம் ஒரு சாதாரணக் கதிரையைச் சுவரோடு வைத்து எழும்பி இருக்கப் பழக்கினால் சக்கர நாற்காலியே தேவைப்படாமல் போகலாம் என்று இப்போதுதான் விளங்குகிறது.

பேப்பர் பார்க்க வருகிற அதே ஆட்களை, அதே கதிரையில், வாசித்து முடிந்ததும் பத்து நிமிசம் எழும்பி இருக்கச் சொல்லலாம் என்று நிலையத் தலைவரிடம் கதைத்திருக்கிறேன். எடை ஏதும் தேவையா, வாத்தியார் ஐயா?

டிரில் வாத்தியார், மன்னார்குடி:

ஐயா, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரை கிலோ, அதுவே போதும். எங்கள் தெரு டெய்லர் பழைய வேட்டிக் கரையில் நீளப் பை தைத்து, ஆற்று மணல் நிரப்பிக் கணுக்காலில் கட்டும்படி நாடா வைத்துக் கொடுத்தார். கால் கிலோ, அரை கிலோ, ஒரு கிலோ என்று மூன்று அளவு. மணலைச் சலித்துக் காயவைத்த பிறகு நிரப்புங்கள். நாங்கள் ஈர மணலை நிரப்பிவிட்டு, பத்தே நாளில் நாற்றம் தாங்காமல் எல்லாவற்றையும் பிரித்தோம்.

பிசியோ, திருச்சி:

இதே வழியில் ஒரு ஊரே போயிருக்கிறது. ஜப்பானில் கோச்சி என்று ஒரு நகரம், நம் கேரளத்துக் கொச்சி இல்லை. 2002ல் அங்கே “இகி இகி ஹியாகுசாய் தைசோ” என்று ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். துடிப்போடு நூறு வயது வரை வாழ்வதற்கான பயிற்சி என்று பொருள் சொல்லலாம். நாற்காலியில் உட்கார்ந்து, கையிலும் காலிலும் எடைப்பட்டை கட்டிக்கொண்டு, மிக மெதுவாக எண்ணிக்கொண்டு செய்வது. எடையைப் படிப்படியாக 2.2 கிலோ வரை கூட்டலாம். அதை நடத்துவது அந்தந்தத் தெருக்காரர்களேதான். அது அங்கிருந்து ஜப்பானின் பல ஊர்களுக்குப் பரவியது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் வகுத்த பயிற்சி வீட்டுக்கு வீடு போய்க் கற்றுக்கொடுக்கும் முறை. அதிலும் கணுக்காலில் எடை, சமநிலை, அதோடு நடை. விழுவது 35 சதவீதம் குறைந்தது. மணல் பை தைத்த உங்கள் டெய்லருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தேக்கா வாசி, சிங்கப்பூர்:

இங்கே வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) புளோக்கின் கீழ்த்தளத்தில் காலையில் பெரியவர்கள் சேர்ந்து பயிற்சி செய்வது சாதாரணக் காட்சி. சுகாதார மேம்பாட்டு வாரியம் பயிற்றுநர்களை அனுப்புகிறது, முதியோருக்கென்று பேட்டைதோறும் நிலையங்கள் இருக்கின்றன, எல்லாம் நல்ல ஏற்பாடு. இருந்தும் என் மாமியார் ஆறு மாதம் போகவே இல்லை. “அங்கே எல்லாரும் சீனத்தில் பேசுறாங்க, எனக்கு என்ன புரியும்” என்பார். பக்கத்து புளோக்கில் இருக்கும் ஒரு தமிழ் அம்மா ஒரு நாள் கதவைத் தட்டி “வாங்க அக்கா, நானும் போறேன்” என்றார். அன்று போனவர் இன்று வரை நிறுத்தவில்லை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த அம்மா போன் பண்ணிவிடுவார்.

அரசாங்கம் இடமும் கொடுக்கலாம், ஆளும் அனுப்பலாம். கதவைத் தட்டுவது யார் என்பதை உங்கள் ஊரில் எப்படிச் செய்கிறீர்கள் என்று வாத்தியார் சொன்னால் உதவியாக இருக்கும்.

டிரில் வாத்தியார், மன்னார்குடி:

நல்ல கேள்வி. வருகைப் பதிவேடு வைத்திருக்கிறோம், பள்ளிக்கூடம் மாதிரியே. வித்தியாசம் என்னவென்றால், வராதவர் பெயருக்கு நேரே “யார் போய்ப் பார்ப்பது” என்று ஒரு கட்டம். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அதில் இருக்கும். இரண்டு தடவை தொடர்ந்து வராவிட்டால் அவர் போய்ப் பார்க்க வேண்டும். இந்த வருடம் அப்படிப் போய்ப் பார்த்ததில், காய்ச்சலில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மகனோடு மனத்தாங்கலாகி இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்த ஒரு அம்மாவை என் மனைவி வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டாள்.

பூங்காவில் போட்டிருக்கும் இரும்புக் கருவிகளைப் பற்றிச் சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தார்கள். இருந்தால் நல்லதுதான். ஆனால் எழுபது வயது அம்மா சேலையோடு அதில் ஏறி நான் பார்த்ததில்லை.

தினமும் ஐந்து கிலோமீட்டர்:

ஒரு தகவல். நேற்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து 30 வினாடி எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. என் வயதுக்குப் பதினான்கு தடவையாவது வர வேண்டும் என்று தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தினமும் ஐந்து கிலோமீட்டர் நடக்கும் எனக்கு ஒன்பது! ஒற்றைக் கோட்டில் பாதம் வைத்து நின்றபோது ஆறு வினாடியில் சுவரைப் பிடித்துவிட்டேன். நடையை விடப் போவதில்லை. ஆனால் நடந்து முடித்ததும் எங்கள் பூங்கா சிமெண்டு பெஞ்சில் பத்துத் தடவை எழுந்து உட்காரப் போகிறேன். கூட நடக்கும் நான்கு பேரிடமும் சொல்லிவிட்டேன். வாத்தியார் ஐயா, முதலில் எழுதியபோது கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன்.

டிரில் வாத்தியார், மன்னார்குடி:

அதெல்லாம் ஒன்றுமில்லை ஐயா. நீங்கள் கேட்டதால்தான் மேடம் அவ்வளவு விளக்கமாக எழுதினார்கள். பெஞ்சு தரையில் பதித்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஆடும் பெஞ்சு வேண்டாம்.

கொரடாச்சேரி மகள்:

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தன்னார்வலர் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பகுதிக்கு வரும் தன்னார்வலரிடம் போனில் பேசினேன். மாத்திரை கொடுக்க வரும்போது அவர் முன்னால் அப்பா எழுந்து உட்கார்ந்து காட்டுகிறார். மற்ற நாட்களில் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் நான் எண்ணுகிறேன். முதல் வாரம் கோபப்பட்டார். இப்போது எட்டு மணிக்கு நான் கூப்பிடாவிட்டால் அவரே கூப்பிடுகிறார். சாயங்காலம் சுண்டல் வேகவைக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், உப்பு மட்டும் கூடிவிடுகிறது.

நேற்று எட்டு வந்தது. கையை ஊன்றவில்லை, நன்றாகப் பார்த்தேன்.

பிசியோ மேடம், ஒரு கேள்வி. நாற்காலியில் போட்ட தலையணையை எப்போது எடுக்கலாம்?

பிசியோ, திருச்சி:

தலையணையோடு பத்து வரட்டும். இரண்டு வாரம் பத்து நிலைத்தால் எடுத்துவிடுங்கள். எடுத்த அன்று எண்ணிக்கை குறையும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன்னார்வலர் அப்பாவுக்குப் பி.பி. பார்த்தால், அந்த எண்ணையும் இங்கே எழுதிப் போடுங்கள்.